"தைரியமா இருங்கம்மா"

வணக்கம். அம்மாவுக்கு வயது 63. மார்பகப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. மருந்து ஏற்றிய இரண்டு மூன்று நாள் ராத்திரி தூங்காமல் அலமாரியை அடுக்கிக்கொண்டிருக்கிறார். நாலாம் நாள் ஒரே அழுகை. "தைரியமா இருங்கம்மா" என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். வார இறுதியில் சொந்தக்காரர்கள் வேறு வந்து குவிகிறார்கள். இது மனச்சோர்வு நோயா?
— ஒரு மகள், செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

நாள் கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள், அதுதான் முதல் துப்பு. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க, கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது உடம்பில் இருக்கும்வரை பலருக்குத் தூக்கம் வராது, கை சும்மா இருக்காது. நிறுத்தியதும் உடம்பும் மனசும் சேர்ந்து சரியும். மருந்துப் பையில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், காலைச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

அதற்காக அழுகை மொத்தத்தையும் மாத்திரையின் தலையில் போட்டுவிட முடியாது. மனக்கஷ்டம் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று தினமும் அம்மாவையே கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் தாதியிடம் காட்டுங்கள். பசியின்மையும் அசதியும் கீமோவாலேயே வரும், அவற்றை வைத்து மனசை அளக்காதீர்கள். பேரப்பிள்ளையைப் பார்த்தால் முகம் மலர்கிறதா, வசந்தம் டிவியில் நாடகம் போடச் சொல்கிறாரா? இரண்டு வாரமாக எதிலுமே பிடிப்பில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். "போய்ச் சேர்ந்தா தேவலை" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். நடுராத்திரியானாலும் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

"தைரியமா இருங்க" என்பது அம்மா காதில் "என் முன்னால அழாதீங்க" என்று விழுகிறது. எதிரே உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். பக்கத்தில் இருந்து துணி மடிக்கும்போது, "இன்னைக்கு எதும்மா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் மடித்துக்கொண்டே இருங்கள். பதில் வர நேரமாகும். வருவது நோயைப் பற்றியதாகவே இல்லாமலும் போகலாம்: "உன் மெடிசேவ் எல்லாம் கரையுதே." மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு கரைகிற அந்தக் கவலைக்கு ஆறுதல் வார்த்தை போதாது. மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க நேரம் வாங்கி, கணக்கை அம்மா முன்னாலேயே பேசுங்கள். தமிழ் பேசுபவர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மகள் மொழிபெயர்த்தால் அம்மா பாதியை விழுங்கிவிடுவார்.

சொந்தக்காரர்கள் விஷயம். கீமோ முடிந்து ஏறக்குறைய 7 முதல் 14 நாள் வரை வெள்ளையணுக்கள் பொதுவாகக் குறைந்திருக்கும். அந்த வாரம் கூட்டம் வேண்டாம். சளி, இருமல் உள்ளவர்கள் எந்த வாரமும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருவர் மட்டும் நிலவரம் போடட்டும், உங்கள் போன் ஓயும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பனடால் கொடுத்துப் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. 1964இல் தொடங்கிய சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம், பராமரிப்பவர்களுக்கும் மன ஆலோசனை தருகிறது. அந்த நோட்டில் அம்மாவின் எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் எண்ணையும் எழுதுங்கள்.