காகித மினியேச்சரில் பசை வழிகிறது, அட்டை நெளிகிறது: ஊசிமுனைக் குப்பி வாங்கினால் தீருமா?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு பழைய கடைவீடு ஒன்றின் மாதிரியை அட்டையில் செய்யத் தொடங்கியிருப்பதாகவும், வெள்ளைப் பசை ஓரங்களில் வழிவதோடு சுவர் அட்டையும் அலையலையாக நெளிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாயில் மெல்லிய உலோக ஊசி பொருத்திய ஊசிமுனைக் குப்பி வாங்குங்கள். வழிவது பெருமளவு நிற்கும். நெளிவதற்கு அது மருந்தாகாது, ஏனெனில் அட்டையை நெளிய வைப்பது பசையிலுள்ள நீர்.

நான் பினாங்கில் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளை 1:24 அளவில் செய்து வருகிறேன். இந்த அளவில் ஓர் அடி என்பது அரை அங்குலம். கடைக்கு முன்னால் நாம் நடந்துபோகும் அஞ்சடி, மாதிரியில் இரண்டரை அங்குலம்தான். அப்படியானால், தூணின் அடியில் பிதுங்கி நிற்கும் ஒரு மில்லிமீட்டர் பசை, உண்மைக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தடிப்புக்குச் சாந்து வழிந்து காய்ந்திருப்பதற்குச் சமம். அதைக் கண் உடனே பிடித்துவிடும். ஆகவே பசை எங்கே விழுகிறது என்பதோடு எவ்வளவு விழுகிறது, விழுந்த எத்தனை நேரத்தில் ஒட்டுகிறோம் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் துல்லியம் என்று சொல்ல வேண்டும்.

வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிட்டேட் என்ற பிசினின் நுண்துகள்கள் நீரில் கலந்து நிற்கும் பால். அதில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அந்த நீர் ஒரு பங்கு காற்றிலும் மறு பங்கு காகிதத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்த பிறகே துகள்கள் நெருங்கி ஒன்றாகிப் படலமாகின்றன. காகிதத்துக்குள் போன நீர் இழைகளை ஊதச் செய்கிறது. இழை நீள்வதைவிடப் பருப்பது பன்மடங்கு அதிகம் என்பதாலும், ஆலையில் செய்யப்படும் காகிதத்தில் பெரும்பாலான இழைகள் ஒரே திசையில் படுத்திருப்பதாலும், அட்டை ஒரு பக்கமாகவே அதிகம் விரிகிறது. காயும்போது சீராகச் சுருங்காமல் நெளிகிறது. உங்கள் அட்டையின் இழைத்திசையை அறிய, சிறு சதுரம் ஒன்றை வெட்டி ஒரு முகத்தை மட்டும் ஈரவிரலால் தடவிப் பாருங்கள். அது குழலாகச் சுருளும். குழலின் நீளவாக்கே இழை ஓடும் திசை. இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சுவர் செய்யும்போது இரண்டின் இழையும் ஒரே பக்கம் ஓடுமாறு வைத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே ஓய்ந்துவிடும். பெரிய பரப்புகளுக்கு வெள்ளைப் பசையையே தவிர்த்து இரட்டைப் பக்க ஒட்டுநாடாவைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. அதில் நீரும் இல்லை, நெளிவும் இல்லை. ஆனால் ஒருமுறை வைத்தால் நகர்த்த முடியாது.

இனி ஊசிமுனைக்கு வருவோம். மழுங்கிய முனையுள்ள உலோக ஊசிகள் எண்ணிட்டு விற்கப்படுகின்றன. எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 18ஆம் எண்ணின் உள்விட்டம் சுமார் 0.84 மி.மீ., 21ஆம் எண்ணில் 0.51, 25ஆம் எண்ணில் 0.26. மிகச் சன்னமானதே மிகத் துல்லியமானது என்று எண்ணி 25ஐ வாங்குபவர்கள் பலர். அதன் வழியே கெட்டியான வெள்ளைப் பசை எளிதில் இறங்காது. இறங்க வைக்க நீர் கலப்பார்கள். கலந்த நீர் மறுபடி அட்டையை நெளிய வைக்கும். 20 அல்லது 21 போதும் என்பதே என் கருத்து. மருத்துவச் சிரிஞ்சை விட மென்மையான பிளாஸ்டிக் குப்பியே கைக்கு இசைவானது. சிரிஞ்சின் உருளை சற்றே இறுகி நின்று, பிறகு திடீரென்று நழுவுவதால் தேவைக்கு மேல் பசை கொட்டிவிடும்.

குப்பியைக் கையாளுவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. முனை அட்டையைத் தொட்டபடியே நகர வேண்டும். கோடு முடிவதற்குச் சற்று முன்பே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். பாதி காலியான குப்பியைக் கையில் பிடித்திருந்தால் உள்ளங்கைச் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, அழுத்தாமலேயே பசை சொட்டும். ஆகவே சிறிய குப்பியாக வாங்கி நிரப்பியே வைத்திருங்கள். வேலையின் இடையில் முனையை ஈரப் பஞ்சின்மேல் கவிழ்த்து வையுங்கள். அடைப்பு வராமல் முனைக்குள் செருகி வைக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரணக் குண்டூசி நீர்ப்பசையில் துருப்பிடிக்கும். அடுத்த நாள் முதல் சொட்டு பழுப்பு நிறத்தில் விழுந்து வெள்ளைச் சுவரைக் கறையாக்கும்.

காகிதக் கீற்றைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் சுருளின் வால் நுனிக்கும் சுவர் மூலைகளின் உட்புறக் கோட்டுக்கும் ஊசிமுனைக்கு ஈடில்லை. ஆனால் கடைவீட்டில் மிக நுட்பமான வேலை மாடி ஜன்னல்களில் சாய்வாக அடுக்கிய லூவர் சட்டங்கள். அங்கே நான் குப்பியைத் தொடுவதே இல்லை. ஒரு பீங்கான் ஓட்டின் மீது சிறு துளிப் பசையை விட்டு, பழைய அட்டைத் துண்டின் விளிம்பால் இழுத்து, ஓட்டின் நிறம் தெரியுமளவு மெல்லிய படலமாகப் பரப்புகிறேன். இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய சட்டத்தை இடுக்கியால் நடுவில் பிடித்து, அதன் இரு முனைகளையும் படலத்தில் தொட்டு எடுத்து, கழிவுக் காகிதத்தில் ஒருமுறை ஒற்றி, சட்டகத்தில் சாய்வாக நிறுத்துகிறேன். முனையில் ஒட்டியிருப்பது ஒரு பளபளப்பு மட்டுமே. துளி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பிதுங்குவதற்குப் பசையே இல்லாததால் ஜன்னல் முழுவதும் சுத்தமாக நிற்கிறது. படலம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் சிறிது சிறிதாகவே பரப்ப வேண்டும். பீங்கான் ஓட்டினை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

ஒட்டும் நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பசை இட்டவுடன் ஒட்டினால் அது வழுக்கும், பிதுங்கும். ஈரப் பளபளப்பு மங்கத் தொடங்கும் தறுவாயில் ஒட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும். நீரில் ஒரு பகுதி ஏற்கெனவே காற்றோடு போயிருப்பதால் நெளிவும் குறையும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பல வேளைகளில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழை நாளில் அந்தத் தறுவாய் மிகத் தாமதமாகவே வரும். குளிர்சாதன அறையில் காற்று உலர்வதால் வேலை விரைகிறது என்பது உண்மைதான். ஆயினும், அந்த அறையில் செய்த மாதிரியை ஜன்னல் திறந்த வரவேற்பறையில் கொண்டுவைத்தால் அட்டை மறுபடி ஈரத்தை உறிஞ்சி விரியும், மூலை இணைப்புகள் திறக்கும். மாதிரி எங்கே நிற்கப்போகிறதோ அந்த அறையிலேயே அட்டையை ஓரிரவு பிரித்து வைத்துவிட்டு, அங்கேயே ஒட்டுவதுதான் சரி. அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவு என்றாலும் இதற்கு ஒரு மேசை மூலை போதும்.

அவசரத்துக்குச் சூப்பர் குளூ என்று யாராவது யோசனை சொல்வார்கள். காகித வேலையில் அதை அண்டவிடாதீர்கள். அதிலுள்ள சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருள் நீர்போல ஓடிக் காகிதத்துக்குள் ஊறி, எண்ணெய் பட்டதுபோன்ற கருந்திட்டை விட்டு, அந்த இடத்தை முறுகலாக்கிவிடும். மேலும் அது இறுகுவதே ஈரத்தால்தான். நம் காற்றில் அதன் ஆவி சுற்றிலும் வெண்புகைபோல் படிந்து, கண்ணாடிக்காக வைத்த பிளாஸ்டிக் தாளையும் மங்கச் செய்யும். பல்குச்சியில் சுற்றிய பருத்திப் பஞ்சால் அதைத் துடைக்க முயன்றால் பஞ்சு சூடேறிப் புகையவும் கூடும்.

மைதாக் கஞ்சிப் பசை மலிவானது, நீண்ட நேரம் நகர்த்த இடம் கொடுப்பது. ஆனால் மாவு என்றால் கரப்பானுக்கும் வெள்ளி மீன் பூச்சிக்கும் விருந்து. அலமாரியில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய மாதிரிக்கு அது ஆகாது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காக எரிப்பதற்கென மூங்கில் சட்டத்தில் காகித வீடு கட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய கைவேலையைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், மடிப்பு எது, ஒட்டு எது என்று உற்றுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு பசை எங்காவது வழியத்தான் செய்யும். ஈரமாக இருக்கும்போது விரலால் துடைக்காதீர்கள். துடைத்தால் அது மெல்லிய படலமாகப் பரவி, பக்கவாட்டு வெளிச்சத்தில் நத்தை ஊர்ந்த தடம்போல் மின்னும். அதன்மேல் நீர்வண்ணமும் ஒட்டாது. அப்படியே விட்டுவிடுங்கள். வெண்மை மங்கி ரப்பர் பதத்துக்கு வந்ததும் கத்தி முனையால் ஓர் ஓரத்தைக் கிளப்பினால் துளி முழுசாக உரிந்து வரும். முற்றிலும் இறுகிவிட்டால், கிளப்பும்போது காகிதத்தின் மேல்தோலும் கூடவே வந்துவிடும். ஆகையால் ஒவ்வோர் இணைப்பையும் ஒட்டிய சற்று நேரத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.