டப்பா மீனை வெள்ளை சாஸில் போட்டு டோஸ்ட் மேல் ஊற்றுகிறார்களே, அந்த சாஸ் எனக்கு மட்டும் ஏன் கட்டி தட்டுகிறது?

கிரீம்டு டூனா என்பது அமெரிக்க வீடுகளின் அவசரச் சாப்பாடு. வெண்ணெய், மைதா, பால் சேர்த்துக் காய்ச்சிய சாஸில் டப்பா சூரை மீனை உதிர்த்துப் போட்டு, முறுகலான டோஸ்ட் மேல் ஊற்றுவார்கள்.

மைதாவைச் சூடான பாலில் அப்படியே கொட்டினால் வெளிமாவு உடனே வெந்து பசையாகி மூடிக்கொள்ளும்; உள்ளே பால் போகாது. அதுதான் கட்டி. 2 மேசைக்கரண்டி வெண்ணெயில் அதே அளவு மைதாவை ஒரு நிமிடம் வறுத்தால், கொழுப்பு பூசிய துகள்கள் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். பிறகு 1 கப் பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் படிந்த சாஸில் விரலால் கோடு இழுத்தால் கோடு அழியாமல் நிற்க வேண்டும்; அதுதான் பதம்.

ஆடியில் வேலூர்ப் பக்கம் கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கேழ்வரகு மாவை முந்தின நாளே தண்ணீரில் கரைத்து வைத்துத்தான் உலையில் ஊற்றுவார்கள். அங்கே தண்ணீர் செய்வதை இங்கே வெண்ணெய் செய்கிறது. மிளகு தாராளமாக இருக்கட்டும் (எனக்கு அது இல்லாமல் இறங்காது). மீனிலேயே உப்பு இருக்கும், ருசி பார்த்துப் போடுங்கள்.

மீன் வேகவில்லையோ என்று பலர் கால் மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். டப்பா மீன் ஏற்கெனவே வெந்ததுதான், சூடேறினால் போதும்.