கிளாஸ்ல நடத்தற மாதிரி ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில்ல, எங்க தீர்மானம் ரெண்டு தடவையும் 11 ஓட்டு வாங்கியும் சீனாவா இருக்கற டீமோட வீட்டோவுல (ஒரே எதிர் ஓட்டால தடுக்கறது) விழுதுன்னு கேட்டதுக்கு

சீனா டீம்கிட்ட ஆதரவு கேக்காதீங்க, ஆதரவாவும் எதிராவும் போடாம விலகி நிக்க மட்டும் கேளுங்க. பாதுகாப்பு கவுன்சில்ல 15ல 9 ஓட்டு போதும், சீனாவும் சேர்ந்த நிரந்தர உறுப்பினர் அஞ்சு பேர்ல யாரும் எதிர்த்து போடாம இருந்தா சரி, விலகுனா அது வீட்டோ ஆகாது. 1990ல ஈராக் பிடிச்ச குவைத்த மீட்க வந்த 678ம் தீர்மானம் அப்படித்தான் பாஸ் ஆச்சு: 12 ஆதரவு, கியூபாவும் ஏமனும் எதிர்ப்பு, சீனா விலகல்.

ரெண்டு தடவையும் விழுந்துச்சுன்னா அனேகமா ஏதோ ஒரு வார்த்தைதான் உறுத்துது. 678லயே அனுமதி குடுக்கற வரியில படைங்கற சொல்ல போடல, "தேவையான எல்லா வழிகளும்"னுதான் எழுதினாங்க, அதுல படையும் அடக்கம்னு எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த பிரேக்ல வரைவையும் ஒரு பேனாவையும் அவங்க கையில குடுத்து "எது இருந்தா உங்களால விலகக்கூட முடியாது, அத அடிங்க"ன்னு சொல்லுங்க. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு "கண்டிக்கிறது"ங்கறத அடிச்சு மேல "ஆழ்ந்த கவலை"ன்னு எழுதினா, அந்த ஒரு மாத்தத்துலயே வீட்டோ போச்சு, எனக்கு பேச்சுவார்த்தைன்னா என்னன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

ஆனா உங்க சார் குடுத்த ரூல்ஸ்ல விலகல் இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க, சில கிளாஸ்ல ஆமா இல்லன்னு ரெண்டே ஓட்டுதான். ரொம்ப இளக்கவும் வேணாம், கையில இருக்கற 11ல மூணு பேர் கழண்டா 9 கிடைக்காது.