பறிக்கும் முன் தண்ணீர் கட்டுங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இரவு ஒரு மணி வரை இன்ஸ்டாகிராமில் கிடக்கிறாள். போனைப் பறித்துவிடலாமா?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: பறி. வழிப்பறிக்கும் இதே சொல்தான், நாற்றுப் பறிக்கும் இதே சொல்தான். மன்னார்குடிக்காரருக்கு வித்தியாசம் தெரியாமலா இருக்கும்? நாற்றங்காலில் தண்ணீர் நிற்க வேண்டும். சேறு இளகினால்தான் வேர் அறாமல் வரும். வேர்மண்ணை அலசி முடியாக, அதாவது சிறு கட்டுகளாக, கட்டும்போதே நடவு வயல் தயாராக இருக்கும். காய்ந்த நாற்றங்காலில் இழுத்தால் நாற்றின் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் மண்ணில் தங்கிவிடும். நாற்றைப் பாய்போல் வளர்த்து, சுருட்டி எடுத்து நடவு இயந்திரத்தில் ஏற்றும் காலம் இது. இந்தக் கைப்பக்குவம் மறைந்துவருவதில் எனக்கு வருத்தம் உண்டு.

நள்ளிரவில் கையிலிருந்து இழுப்பது வழிப்பறி. பகலில் உட்கார்ந்து பேசுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும் அவள் அப்பாவுடையதும் சேர்த்து. ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் 'காலையில் எழுந்திருக்க வேண்டும்' என்று போன் படுக்கைக்குத் திரும்பிவிடும். பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை, இந்தப் பக்கத்தில் எத்தனையாவது முறையோ: வகுப்பில் போனுக்குத் தடை, வீட்டுப்பாடம் மட்டும் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் என்றால் எந்தத் தாய் என்ன செய்வாள்?

இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் பதின்பருவக் கணக்கைக் கொண்டுவந்தது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஒலிக்காது. 16 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதமின்றிக் கட்டுப்பாட்டைத் தளர்த்த முடியாது. ஆனால் அறிவிப்புதான் அடங்கும், செயலி மூடாது. இரவில் அதையும் பூட்ட, செயலியிலுள்ள 'பெற்றோர் மேற்பார்வை' வசதியை நீங்களும் மகளும் சேர்ந்து இயக்க வேண்டும். அதில் கடந்த ஏழு நாளில் யாருக்குச் செய்தி அனுப்பினாள் என்பது தெரியும், என்ன எழுதினாள் என்பது தெரியாது. அந்த அளவு போதும். முதலில் கணக்கில் உள்ள பிறந்த ஆண்டைப் பாருங்கள். 2000 என்று போட்டுச் சேர்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் அவளைத் தொடாமல் போகலாம். பறித்தால் வருவது இரண்டாவது கணக்கு. அது தோழியின் போனில் இருக்கும், உங்கள் கண்ணில் படாது.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. அந்தரங்கப் படத்தைக் காட்டி யாரோ மிரட்டும் நாளில், 'அம்மாவிடம் சொன்னால் போன் போய்விடும்' என்ற ஒரே எண்ணத்தில் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். 'எது நடந்தாலும் சொல், அதற்காகப் போனை வாங்க மாட்டேன்' என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

அப்படி ஒரு நாள் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். அரட்டையை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பயனர் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு அந்தக் கணக்கை பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். பிள்ளைக்குத் துணை வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. 18 வயதுக்குள் எடுத்த படமானால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு, மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் தேடி நீக்கும். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள், அவள் கையாலேயே.