தென்னையில் இருந்து விழுந்த என் அண்ணன் மறுபடி நடப்பாரா?

தேங்காய் வெட்ட ஏறின அண்ணன் விழுந்து ஆறு வாரம் ஆகிறது, முதுகில் ஆபரேஷன் முடிந்தும் கால் அசையவில்லை, எப்போது நடப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். ரெண்டு நாள் பதில் எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. எங்க அப்பா பனையேறி. ஊர் கன்னியாகுமரி ஜில்லாவில் கருங்கல் பக்கம். 2009 பங்குனியில் அக்கானி, அதாவது பதநீர், இறக்கப் போன இடத்தில் விழுந்தார்.

நாலு பேர் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிக் கிடத்தினார்கள். நல்ல மனசோடு ஓடி வந்தவர்கள், அவர்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் முதுகெலும்பு நொறுங்கியவரைக் கழுத்தும் முதுகும் வளையாமல் பலகையிலோ கதவிலோ வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அன்று அந்தத் தோப்பில் யாருக்கும் தெரியாது. பாதி வழியில் அப்பா கேட்டார், "எனக்க காலு எங்க கெடக்கு மக்களே?" ரெண்டு காலும் என் மடியில்தான் கிடந்தன.

நடப்பாரா என்பதற்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, டாக்டர் யாராவது படித்தால் திருத்தட்டும். கையில் ஒரு நரம்பு அறுந்தால் மெதுவாகவாவது வளரும். முதுகெலும்புக்குள்ளே ஓடுகிற தண்டுவடம் மூளையோடு சேர்ந்தது, அங்கே அறுந்தது திரும்ப வளர்ந்து ஒட்டுவதில்லை. முழுசாக அறுந்திருக்கிறதா, கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம். ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் சோதித்துப் பார்ப்பார். இருந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. விழுந்த புதிதில் தண்டுவடமே அதிர்ச்சியில் கிடக்கும், அப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு வாரம் ஆகிவிட்டதால் இப்போது நேராகக் கேளுங்கள். அப்பாவுக்கு எதுவும் மிச்சமில்லை.

நாங்கள் 'எப்போது நடப்பார், எப்போது நடப்பார்' என்றே கேட்டுக்கொண்டிருந்ததில் அவர் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் வாலெலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது. வியர்க்குரு என்று அம்மா பவுடர் போட்டாள். பத்து நாளில் அது கறுத்துப் பிய்ந்து, என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போகிற குழியாகிவிட்டது. அந்த வாடை இன்னும் எனக்குப் போகவில்லை. ஆற ஐந்து மாதம் ஆனது. வலி தெரியாத உடம்பு தானாகப் புரண்டு படுக்காது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாம்தான் புரட்ட வேண்டும். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பில் மட்டும் நாள் தவறாமல் வந்தது.

அப்புறம் வைத்தியம். எங்கள் ஜில்லாவில் வர்ம வைத்தியத்தைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். என் தோள் இறங்கினதைத் தூக்கி வைத்ததே ஒரு வர்ம ஆசான்தான். அப்பாவைப் பார்த்துவிட்டு அவர், "இது எனக்க கைக்கு நிக்காது, ரூவாயக் களையாதீங்க" என்று திருப்பி அனுப்பினார். அதையும் மீறி வேறொருவரிடம் போனோம். அவர் துணியில் மருந்து கட்டிச் சூடாகக் கிழி வைத்தார். அப்பாவுக்குச் சுடுவது எப்படித் தெரியும்? முழங்காலில் கொழுக்கட்டை மாதிரிக் கொப்புளம் எழும்பின பிறகுதான் நாங்கள் பார்த்தோம். அண்ணன் காலுக்கு ஒத்தடமோ வெந்நீரோ வேண்டவே வேண்டாம்.

கடைசியில் கடன் வாங்கி வேலூர் போனோம். விபத்தில் கால் ரெண்டும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்த மேரி வர்கீஸ் என்ற டாக்டர் 1966-இல் தொடங்கி வைத்த மறுவாழ்வு மையம் அங்கே இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் போட்டு மூத்திரம் எடுக்க, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற எல்லாம் அப்பா அங்கேதான் படித்தார். மூத்திரம் தேங்கினால் கிட்னி போய்விடும், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா இன்றைக்கும் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைகிறார், கருப்பட்டி விற்கிறார்.

வாசலைத் தாண்டத்தான் முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் இருந்து வெளியே போக மூணடி அகலத்தில் வழி இருந்தது. அப்பா விழுந்து மறு வருஷம் பெரியப்பா மகன் சுவர் எடுத்து அதை ரெண்டடி ஆக்கினான். நாற்காலி போகாது. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்கு அவரைத் தூக்கித்தான் கொண்டு போகிறோம், அவன் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். எத்தனையோ மனு கொடுத்தாகிவிட்டது.

சரி, அண்ணன் விஷயம். இன்று ராத்திரியே அவரை ஒருச்சாய்த்து வாலெலும்பு, ரெண்டு இடுப்பு, குதிகால் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அந்தப் பக்கம் மறுபடி படுக்க வைக்காதீர்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், நான் முழித்துத்தான் இருப்பேன்.