இலவசக் கூடாரமும் நிரந்தர உரிமையும்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக மலையேற்றம் செல்லும்போதெல்லாம் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் பதிவிட்டு வருகிறேன். கூடாரமும் முதுகுப்பையும் தயாரிக்கும் ஒரு நிறுவனம், 20 படங்களும் 3 குறுங்காணொளிகளும் தந்தால் தன் பொருட்களை இலவசமாகத் தருவதாகக் கூறுகிறது. அவற்றை எக்காலத்துக்கும் எவ்விதத்திலும் பயன்படுத்தும் உரிமையையும் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? இதையே முழுநேரத் தொழிலாக்க, இருக்கும் வேலையை விடலாமா?

பதில்: இந்த நிபந்தனைகளுடன் ஒப்புக்கொள்ள வேண்டாம். இத்துறையில் படமெடுக்கும் நாட்களுக்கான ஊதியம் வேறு, படத்தைப் பயன்படுத்தும் உரிமத்துக்கான தொகை வேறு, உங்கள் சொந்தப் பக்கத்தில் பதிவிடுவதற்கான கட்டணம் வேறு; இந்த மூன்றையும் ஒரு கூடாரத்துக்குள் அடக்கிவிட நிறுவனம் முயல்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் மூன்று மாதம் இருக்கும் படமும், பல நாடுகளின் விளம்பரப் பலகைகளில் ஓராண்டு நிற்கும் படமும் ஒன்றாகவே இருந்தாலும், அவற்றின் விலை ஒன்றாக இருக்க முடியாது. எங்கே, எவ்வளவு காலம், எந்த நாடுகளில் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த முடக்கத்துக்கும் தனியே விலை உண்டு. சுயமாகத் தொழில் செய்பவர் எடுத்த படத்தின் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் அவரிடமே இருக்கும். அந்நாடுகளில் நீங்களாக எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும்.

என் யோசனை, எட்டுப் படங்களும் ஒரு காணொளியும், ஓராண்டு உரிமம், நிறுவனத்தின் சொந்தத் தளங்களில் மட்டும் பயன்பாடு, இரண்டு முறைக்கு மேல் திருத்தம் இல்லை என்று மறுமொழி அனுப்பிப் பாருங்கள். மழையாலோ பனியாலோ படப்பிடிப்பு தள்ளிப்போனால் காத்திருக்கும் நாட்களுக்கு யார் பணம் தருவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மலையில் இது அடிக்கடி நேரும். நிறுவனம் பணமோ பொருளோ தரும்போது உங்கள் பொழுதுபோக்கு வணிகப் படப்பிடிப்பாக மாறிவிடுகிறது. பல பாதுகாக்கப்பட்ட காடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிட மேலும் ஓர் அனுமதி தேவைப்படலாம். படத்தில் தெரியும் நண்பரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் அவசியம். இலவசப் பொருளும் ஊதியமே என்பதால், பதிவில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது பல நாடுகளின் விதி.

வேலையை விடுவது பற்றி: பாறையேறியும் ஒளிப்படக் கலைஞருமான கேலன் ரோவல், தம் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலை 1972-இல் விற்றுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கினார், 1974 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டைக் கட்டுரை அவருடையதாக அமைந்தது. வேகம் வியப்பளிக்கலாம், ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே பாறை ஏறியவர். எடை குறைந்த 35 மி.மீ. கேமராவுடன், ஏறுபவர்களில் ஒருவராகவே இருந்து படமெடுத்தவர். நிறுவனங்கள் தேடுவதும் இதைத்தான். அழகிய சூரிய உதயம் எவரிடமும் கிடைக்கும். ஈரக் கயிற்றைச் சுருட்டும் கையை அருகிருந்து எடுக்க, அந்த இடத்துக்கு ஏறிவரத் தெரிந்தவர் வேண்டும். இருப்பினும் கட்டணப் பட்டியல் அனுப்பியபின் பணம் வர ஒன்றிரண்டு மாதம் ஆவது சாதாரணம். குளிர்கால உடைகளுக்கான படங்களைப் பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்திலேயே எடுத்துவிடுவதால் வாய்ப்புகளும் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும். ஒரே நிறுவனம் இரண்டாம் முறை, பணம் கொடுத்து, உங்களை அழைக்கும்வரை வேலையில் இருங்கள்.

கேள்வி: பனிமலையில் கேமரா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பழுதா?

பதில்: பழுதன்று. குளிரில் லித்தியம் பேட்டரியினுள் வேதிவினை மந்தமாவதால் அது தீர்ந்ததுபோல் காட்டும். சூடேறினால் ஓரளவு மீளும். மாற்றுப் பேட்டரிகளை உட்சட்டைப் பையில், உடற்சூட்டில் வையுங்கள். கூடாரமோ அறையோ வெதுவெதுப்பாக இருந்தால், கேமராவை வெளியிலேயே காற்றுப்புகாத பையில் இட்டு மூடி, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். நீர்த்துளிகள் லென்ஸின் மீது படியாமல் பையின் மேல் படியும்.