டாலர், தங்கம், வரி, கடன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உலகப் பொருளாதாரத்தில் அதிகாரம் இடம் மாறிவருவது குறித்து வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறினை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: டாலரின் ஆதிக்கம் முடிந்துவிட்டது என்று யூடியூபில் நாள்தோறும் யாராவது சொல்கிறார்கள். உண்மைதானா?

முடியவில்லை, தேய்ந்துவருகிறது. மைய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்த டாலரின் பங்கு, 2024-இல் 58 விழுக்காட்டுக்கு அருகே வந்துவிட்டது. கால் நூற்றாண்டாக மெல்ல நடந்துவரும் இந்தச் சரிவில் டாலர் இழந்த இடம் பெரும்பாலும் சீன யுவானுக்குப் போய்ச் சேரவில்லை என்பதைப் பரபரப்பாகப் பேசுவோர் கவனிப்பதில்லை. யுவானின் பங்கு இன்னும் 2 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆஸ்திரேலிய டாலர், கனடிய டாலர், தென்கொரிய வோன் போன்றவையே அதிகம் பெற்றுள்ளன. கையிருப்பில் பங்கு குறைந்தாலும், அன்றாட நாணயச் சந்தையில் டாலரின் பிடி தளரவில்லை: 2022 ஏப்ரல் கணக்கெடுப்பின்படி, உலகில் நடந்த நாணயப் பரிமாற்றங்களில் 88 விழுக்காட்டில் ஒரு பக்கம் டாலரே இருந்தது.

கேள்வி: ரஷ்யாவிடமிருந்து ரூபாய் கொடுத்தே எண்ணெய் வாங்கலாம் என்று அறிவித்தார்களே, அது என்ன ஆயிற்று?

பன்னாட்டு வணிகத்தை ரூபாயிலேயே முடித்துக்கொள்ள 2022 ஜூலை 11-இல் ரிசர்வ் வங்கி வழி செய்தது. வெளிநாட்டு வங்கிகள் இந்திய வங்கிகளில் சிறப்பு வோஸ்ட்ரோ கணக்கு தொடங்கலாம். நம் இறக்குமதியாளர் அதில் ரூபாயைச் செலுத்தலாம். அந்தப் பணத்தைக் கொண்டு அந்த நாட்டினர் நம்மிடம் பொருள் வாங்கலாம். ஏட்டளவில் இதில் குறையில்லை. ஆனால் 2023-24 நிதியாண்டில் ரஷ்யாவிலிருந்து நாம் இறக்குமதி செய்தது ஏறத்தாழ 6,100 கோடி டாலர். அங்கே ஏற்றுமதி செய்தது 400 கோடி டாலருக்குச் சற்றே மேல். ரஷ்யர்கள் வாங்க விரும்பும் அளவுக்கு நம்மிடம் பொருள் இல்லாத நிலையில், அவர்கள் கணக்கில் ரூபாய் தேங்கியது. இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கில் ரூபாய் கிடந்தும் அதைப் பயன்படுத்த வழியில்லை என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் வெளிப்படையாகவே சொன்னார். அதனால் எண்ணெய்க்கான பணத்தின் ஒரு பகுதி அமீரகத்தின் திர்ஹாமில் போனது.

சோவியத் காலத்தில் ரூபாய் வணிகம் நடந்ததே என்று கேட்கலாம். நடந்தது, ஆனால் தேயிலையும் மருந்தும் ஆடையுமாக இன்ன பொருள், இன்ன அளவு என்று இரு அரசுகளும் ஆண்டுதோறும் பேசி முடித்து வைத்த வணிகம் அது. அப்போதும்கூட, சோவியத் ஒன்றியம் உடைந்த பின் இந்தியா தர வேண்டியிருந்த கடனுக்கு எந்த மாற்று விகிதத்தைக் கொள்வது என்ற தகராறு 1993-இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் தில்லிக்கு வந்தபோதுதான் தீர்ந்தது. ஒரு நாணயத்தின் வலிமை, அதைப் பெற்றவர் அடுத்து எதை வாங்க முடியும் என்பதில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையால் அதைக் கூட்டிவிட முடியாது.

கேள்வி: பிரிக்ஸ் நாடுகளின் பொது நாணயம் எப்போது வரும்?

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளின் இந்தக் கூட்டமைப்புக்கு அண்மையில் பொது நாணயம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பொது நாணயம் என்றால் பொது மைய வங்கியும் வேண்டும். எல்லையில் படைகளை எதிரெதிரே நிறுத்தியிருக்கும் இந்தியாவும் சீனாவும் ஒரே மைய வங்கிக்குக் கட்டுப்படும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. டாலரைக் கைவிடுவது தன் கொள்கை அல்ல என்று இந்தியா சொல்லியும்விட்டது. அதில் கணக்கு இருக்கிறது: டாலர் விலகினால் அந்த இடத்தில் வந்து அமரக்கூடியது யுவான், அது தில்லிக்கு இன்னும் சங்கடமான நிலை.

கேள்வி: ரிசர்வ் வங்கி ஏன் தங்கம் வாங்கிச் சேர்க்கிறது? லண்டனில் இருந்ததை ஏன் இங்கே கொண்டுவந்தது?

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களிலேயே ரஷ்ய மைய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் சொத்துகளை மேற்கு நாடுகள் முடக்கின. அதில் பெரும்பகுதி இன்றும் பெல்ஜியத்தில் கடன்பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் யூரோகிளியர் நிறுவனத்தின் கணக்குகளில் கிடக்கிறது. போரில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். கையிருப்பை நிர்வகிப்போர் கற்ற பாடம் எளியது. அயல்நாட்டுக் கடன்பத்திரம் என்பது இன்னொருவர் கொடுத்த வாக்குறுதி. நாக்பூரிலோ மும்பையிலோ உள்ள பெட்டகத்தில் இருக்கும் தங்கத்துக்கு யாருடைய வாக்குறுதியும் தேவையில்லை. 2022 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, உலகின் மைய வங்கிகள் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கியதன் பின்னணி இதுதான். நம் ரிசர்வ் வங்கியும் 2023-24-இல் பிரிட்டனிலிருந்து 100 டன்னைக் கொண்டுவந்தது.

1991 ஜூலையில், இறக்குமதிக்குப் பணமில்லாத நெருக்கடியில், ஏறத்தாழ 47 டன் தங்கத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் ஜப்பானிய மைய வங்கியிடமும் அடகு வைத்து 40 கோடி டாலர் திரட்டிய அதே வங்கிதான் இது. ஆயினும் தங்கம் வட்டி தராது. அதை நீட்டி நேரடியாகக் கச்சா எண்ணெய் வாங்கவும் முடியாது. அளவோடு வைத்திருக்க வேண்டிய காப்பீடாகவே அதைப் பார்க்கிறேன்.

கேள்வி: இலங்கையைச் சீனா கடன் பொறியில் சிக்கவைத்தது என்பது சரியா?

பாதிகூடச் சரியில்லை. 2022 ஏப்ரல் 12-இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது, அரசின் வெளிக்கடனில் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதைவிடப் பெரிய சுமை, அதிக வட்டிக்குப் பன்னாட்டுச் சந்தையில் விற்ற இறையாண்மைக் கடன்பத்திரங்கள், அதாவது அரசின் பெயரில் வெளியிட்ட பத்திரங்கள். அவற்றின் அசல் மட்டும் 1,250 கோடி டாலர் அளவில் இருந்தது. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக வெட்டியது கொழும்பே எடுத்த முடிவு. சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு 2017-இல் பெற ஒப்புக்கொண்ட 112 கோடி டாலரும் துறைமுகக் கடனைத் தீர்க்கப் போகவில்லை. செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. கடன் அப்படியே நின்றது.

சீனாவின் மீது வைக்கத்தக்க குறை வேறு. முன்பெல்லாம் பாரிஸ் கிளப் என்ற ஒரே மேசையில் பெரும்பாலான கடன் கொடுத்த அரசுகள் உட்கார்ந்து பேசும். இலங்கை விஷயத்தில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையில் ஒரு குழு, அதில் சேராத சீன அரசு வங்கியான எக்ஸிம் வங்கி தனியே, பத்திரதாரர்கள் தனியே. சீன எக்ஸிம் வங்கியுடன் 2023 அக்டோபரில் முதற்கட்ட உடன்பாடும், குழுவுடன் 2024 ஜூனில் இறுதி உடன்பாடும் ஏற்பட்டு, பத்திரப் பரிமாற்றம் 2024 டிசம்பரில்தான் முடிந்தது. அதிகாரம் பல நாடுகளிடம் பிரிந்திருக்கும் பல துருவ உலகம் ஏழை நாட்டுக்குப் பேரம் பேசும் வலிமை தரும் என்று நாம் ஆசையோடு சொல்வதுண்டு. கடனாளிக்கு அது ஏறி இறங்க வேண்டிய வாசல்களைத்தான் கூட்டியிருக்கிறது.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். அமெரிக்கா விதித்த வரியை உண்மையில் யார் கட்டுகிறார்கள்? சீனாவும் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறதே, தண்டனை நமக்கு மட்டும் ஏன்?

சட்டப்படி வரியைக் கட்டுபவர் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கை எடுக்கும் இறக்குமதியாளர். ஆனால் 2025 ஆகஸ்ட் 27-இல் நமக்கான கூடுதல் வரி 50 விழுக்காடு ஆனபோது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அது 20 விழுக்காடாகவே இருந்தது. அந்த வேறுபாட்டை வாடிக்கையாளர் உங்களிடம் தள்ளுபடியாகக் கேட்பார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தையில் மாற்று விற்பனையாளர் இருக்கும்வரை, வரியின் கணிசமான பகுதி விற்பவர் தலையிலேயே விழும்.

இரண்டாம் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. அந்த 50-இல் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை என்றே அறிவிக்கப்பட்டது. சீனாவுக்கு அத்தகைய தண்டனை வரவில்லை. 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்தவுடன் அமெரிக்க, ஐரோப்பிய கார் ஆலைகள் தவித்தன. கார் மோட்டார்களுக்கான வலிமையான காந்தங்கள் செய்ய இந்தத் தனிமங்கள் வேண்டும். அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிப்பதில் உலக அளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு சீனாவின் கையில் இருக்கிறது. பனியனுக்கு வேறு கடை உண்டு, காந்தத்துக்கு இல்லை.

உங்கள் அளவில் செய்யக்கூடியது, ஒரே நாட்டு வாடிக்கையாளர்களை நம்பியிருப்பதைக் குறைப்பது. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தப்படி, நம் ஆடைகள் மீது அங்கு விதிக்கப்பட்டுவந்த இறக்குமதி வரி நீங்குகிறது. அந்தச் சலுகையைப் பெற, பொருள் இந்தியாவிலேயே உருவானது என்பதற்கான ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். நூல், துணி எங்கிருந்து வருகின்றன என்ற பதிவுகளை இப்போதே ஒழுங்குபடுத்தி வையுங்கள்.